முகத்தில் வழியும் எண்ணெயும் முகப்பருவும்



சென்ற கோடை விடுமுறைக்கு என் பேத்தி புனேயிலிருந்து தில்லிக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. வந்த மூன்றாம் நாள் காலையில் குளியலறைக் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. தட்டினேன். சோப்பு நுரை வழியும் முகத்தோடு எட்டிப் பார்த்து, "இன்னும் எண்ணெய் போகல தாத்தா. நாலாவது தடவை தேய்க்கிறேன்" என்றாள். நெற்றியில் நாலைந்து சிறு பருக்கள். அவற்றைச் சுற்றித் தோல் தேய்ந்து சிவந்திருந்தது.

எனக்கு 1998ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவளுடைய அம்மா, அதாவது என் மகள், அப்போது பத்தாம் வகுப்பு. அவளும் இதே குளியலறையில்தான் நின்று முகத்தைத் தேய்த்தாள். "இன்னும் நன்றாகத் தேய்" என்று வெளியில் நின்று சொன்னவன் நான்.

நான் தில்லிப் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவன். எண்ணெய் என்பது என்ன, சோப்பு அதை எப்படி அகற்றுகிறது என்று எத்தனையோ மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால் மனிதத் தோல் சுரக்கும் எண்ணெய் எது, அதற்கும் பருவுக்கும் என்ன உறவு என்பதை நான் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ளாமலேயே வைத்தியம் சொன்னேன். அதற்கான விலையை என் மகள் கொடுத்தாள். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

நான் மருத்துவன் அல்லன். மகளுக்குச் சிகிச்சை நடந்தபோது தோல் மருத்துவரிடம் கேட்டும், பின்னர் நூல்களைப் படித்தும் கற்றுக்கொண்டதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

நம் தோலில் முடி முளைக்கும் ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் சிறு திராட்சைக் குலை போல ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவே எண்ணெய்ச் சுரப்பி. இது சுரக்கும் பொருளுக்குச் சீபம் என்று பெயர். முகத்திலும் தலையிலும் இச்சுரப்பிகள் மிக அடர்த்தி. ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 வரை இருக்கும். மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் அதற்கடுத்தபடி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே கிடையாது. பரு ஏன் முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் மட்டும் வருகிறது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

வியர்வைச் சுரப்பி வேறு, எண்ணெய்ச் சுரப்பி வேறு. வியர்வை தனிக் குழாய் வழியாக வெளியேறும் உப்பு நீர். எண்ணெய்ச் சுரப்பியின் வேலைமுறை விநோதமானது. அதன் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எண்ணெயைச் சேர்த்துக்கொண்டு, பருத்து, கடைசியில் தாமே உடைந்து எண்ணெயாகிவிடுகின்றன. ஒரு செல் எண்ணெயைச் சேர்க்கத் தொடங்கி, அது முகத்தின் மேல் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. அப்படியானால் இன்று உங்கள் மூக்கில் பளபளப்பது போன வாரத்துத் தயாரிப்பு! இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இச்சுரப்பிக்கு உத்தரவு போடுவது யார்? ஹார்மோன்கள், அவற்றிலும் முக்கியமாக ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை ஹார்மோன்கள். பெண்களின் உடலிலும் இவை சிறிதளவு உண்டு. பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களின் தூண்டுதலால் சில வாரங்கள் எண்ணெய் சுரக்கும். சில கைக்குழந்தைகளின் கன்னத்தில் சிறு பருக்கள் தெரிவதும் அக்காலத்தில்தான். பின்னர் சுரப்பி ஏறத்தாழ உறங்கிவிடும். எட்டு, ஒன்பது வயதில் மீண்டும் விழித்து, பருவ வயதில் முழு வேகம் எடுக்கும். 1941இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாமில்டன், ஆண்மை ஹார்மோன் சுரக்காத ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தால் வரக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டினார். பருவின் ஆணிவேர் உடலுக்குள்ளே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஆகஸ்ட் மாதம் தில்லியில் பட்டம் செய்ய மெல்லிய காகிதம் விற்பார்களே, அதில் சாயம் ஏறாத வெள்ளைத் தாளை வாங்கிச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு மூன்று மணி நேரம் முகத்தைத் தொடாமல் இருங்கள். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், முன்கை ஆகிய நான்கு இடங்களிலும் ஒவ்வொரு துண்டை வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி போல ஒளி கசியும். வியர்வை ஈரமானால் சிறிது நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய்க் கறை மறையாது.

இதையே வீட்டில் ஒரு சிறு குழந்தை, பதினாறு வயதுப் பிள்ளை, அம்மா, பாட்டி ஆகியோரிடமும் செய்து தாள்களை வரிசையாக ஒட்டிப் பாருங்கள். வயதுக்கேற்ப எண்ணெய் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இது வெறும் விளையாட்டுச் சோதனை அல்ல. 1961இல் ஸ்ட்ராஸ், போச்சி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை நெற்றியில் ஒட்டிவைத்து, அதில் ஊறிய எண்ணெயை எடை போட்டே சுரப்பின் அளவைக் கணக்கிட்டார்கள்.

அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது?

வேதியியல் ஆசிரியனுக்குப் பிடித்த பகுதி இது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பெரும்பாலும் ஒரே வகைப் பொருள். அதற்கு டிரைகிளிசரைடு என்று பெயர். நம் முக எண்ணெய் அப்படியல்ல. அது ஒரு கலவை. ஏறத்தாழ நூற்றுக்கு 57 பங்கு டிரைகிளிசரைடும் அது உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களும். 26 பங்கு மெழுகு வகை. 12 பங்கு ஸ்குவாலின். மீதி கொலஸ்டிரால் போன்றவை.

மெழுகைச் செய்யும் வேலை நம் உடலில் வேறு எங்கும் இப்படி நடப்பதில்லை. ஆட்டின் தோலும் இது போன்ற மெழுகைச் சுரக்கிறது. கம்பளி ரோமத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து லனோலின் என்ற பெயரில் களிம்புகளில் சேர்க்கிறார்கள். ஸ்குவாலின் என்பதை முதலில் சுறா மீனின் ஈரல் எண்ணெயில் கண்டறிந்தவர் ட்சுஜிமோட்டோ என்ற ஜப்பானிய வேதியியலார். ஒரு சுறா இனத்தின் பெயரே இதற்கும் வந்தது. உடலின் மற்ற பகுதிகளில் ஸ்குவாலின் உடனடியாகக் கொலஸ்டிராலாக மாற்றப்பட்டுவிடும். எண்ணெய்ச் சுரப்பியில் மட்டும் அது மாறாமல் தங்கி வெளியே வருகிறது. இந்த எண்ணெயில் சேபியனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலமும் உண்டு. மனிதத் தோலுக்கே சிறப்பாக உரியது என்பதால் மனித இனத்தின் அறிவியல் பெயரான ஹோமோ சேபியன்ஸ் என்பதிலிருந்து இப்பெயரை வைத்தார்கள். சில கிருமிகளை அடக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

ஆக, நாம் 'பிசுக்கு' என்று முகம் சுளிக்கும் இந்த எண்ணெய் அழுக்கு அல்ல. உடல் பார்த்துப் பார்த்துச் செய்யும் ஒரு பொருள்.

அப்படியானால் பரு எப்படி வருகிறது?

எண்ணெய் வழியும் முகமெல்லாம் பரு முகம் ஆவதில்லை. நம் உறவிலேயே, மத்தியானத்துக்குள் முகம் பளபளத்துவிடும் ஆனால் ஒரு பருவும் இல்லாத ஒருவரையாவது நாம் பார்த்திருப்போம். எண்ணெய் அவசியம், ஆனால் எண்ணெய் மட்டும் போதாது. நான்கு காரணங்கள் ஒன்றுகூட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

முதலாவது, எண்ணெய் அதிகமாகச் சுரப்பது. அதன் சேர்மானம் மாறுவது. பரு உள்ளவர்களின் எண்ணெயில் ஸ்குவாலின் கூடுதலாகவும், லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் குறைவாகவும் இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஸ்குவாலின் காற்றும் வெயிலும் பட்டால் எளிதில் கெடும். பழைய எண்ணெய் காறிப் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே வேதிவினைதான். அப்படிக் கெட்ட ஸ்குவாலின் தோலை உறுத்தி அடைப்பை ஊக்குவிக்கிறது.

இரண்டாவது, குழாய் அடைபடுவது. எண்ணெய் வெளியேறும் குழாயின் உட்சுவரிலுள்ள தோல் செல்கள் இயல்பாக உதிர்ந்து எண்ணெயோடு வெளியே வந்துவிட வேண்டும். பரு வரும் தோலில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தக்கை போல அடைத்துவிடுகின்றன. வாய் மூடிய அடைப்பு தோல் நிறத்தில் அல்லது வெண்ணிறத்தில் சிறு குருணை போல இருக்கும். வாய் திறந்த அடைப்பின் முனை கறுத்திருக்கும். அதைத்தான் கரும்புள்ளி என்கிறோம். அந்தக் கறுப்பு அழுக்கு என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அல்ல. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியும், காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்த நிறம் அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாததற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, ஒரு பாக்டீரியா. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்பது அதன் இன்றைய பெயர். 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று அழைத்தார்கள். பரு இல்லாதவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களின் முகத்திலும் இது வாழ்கிறது. எண்ணெயிலுள்ள டிரைகிளிசரைடை உடைத்து உண்பது இதன் பிழைப்பு. காற்று குறைந்து எண்ணெய் நிறைந்த அடைபட்ட குழாய் இதற்கு வசதியான வீடு. இதில் பல உள்வகைகள் உண்டு. சில சாது, சில பருவோடு தொடர்புடையவை.

நான்காவது, அழற்சி. உடலின் எதிர்ப்பு ஆற்றல் இந்த அடைப்பையும் கிருமியையும் எதிர்த்துக் கிளம்புகிறது. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் இந்தப் போராட்டத்தின் விளைவுகள். குழாயின் சுவர் உள்ளேயே கிழிந்தால் வீக்கம் ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் நடக்கும் சேதம்தான் பின்னால் குழிவிழுந்த வடுவாகிறது.

நான்கையும் பாருங்கள். இவற்றில் 'சரியாகக் கழுவாதது' என்ற காரணம் எங்காவது இருக்கிறதா?

கழுவினால் போகுமா?

சோப்பு முகத்தின் மேற்பரப்பில் உள்ள எண்ணெயை எடுக்கும். அடைப்போ உள்ளே இருக்கிறது. சுரப்பியோ அதற்கும் கீழே, ஹார்மோனின் ஆணைப்படி, அடுத்த வாரத்து எண்ணெயைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. கழுவிய சில மணி நேரத்தில் முகம் மறுபடி பளபளப்பதில் வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் ஒன்று உண்டு. அடிக்கடி கழுவினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்பார்கள். 1958இல் கிளிக்மன், ஷெல்லி என்ற இரு தோல் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, மேலே எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துச் சுரப்பி வேலை செய்வதில்லை, அது தன் போக்கில் சுரந்துகொண்டே இருக்கிறது என்று காட்டினார்கள். எனவே கழுவுவதால் எண்ணெய் பெருகும் என்ற பயம் வேண்டாம். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் தோல் இலேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சோப்பின் அளவு 9 முதல் 10. நாள் முழுதும் தேய்த்துக்கொண்டிருந்தால் தோலின் மேலடுக்கு சேதமாகும். எரியும், உரியும், ஏற்கெனவே உள்ள பரு இன்னும் சிவக்கும். தில்லியின் பல காலனிகளில் வரும் போர்வெல் தண்ணீரோ கடினநீர். சோப்பு அதில் சரியாக நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் தோலிலேயே தங்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். அப்போது இந்தத் தேய்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

காலையும் மாலையும் இரண்டு முறை, மென்மையான முகக் கழுவியால், விரல் நுனியால் மட்டும் கழுவினால் போதும். நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை. பீர்க்கங்காய் நாரும் சொரசொரப்பான மாவும் முகத்துக்கு வேண்டாம். கடலை மாவும் முல்தானி மண்ணும் மேல் எண்ணெயை உறிஞ்சும், அவ்வளவே. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் பருவின் மேல் தடவத் தக்கவை அல்ல. அவை தோலைப் புண்ணாக்கும்.

தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

நம் வீடுகளில் மிகுதியும் எழும் கேள்வி இது. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு நெற்றியில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்து வாரிவிடுவது நம் வழக்கம். 1970இல் பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் ஆகியோர் தலைக்குப் பூசும் எண்ணெய்ப் பசைகளால் நெற்றியிலும் பொட்டுப் பகுதியிலும் சிறு சிறு அடைப்புப் பருக்கள் வருவதை விவரித்தார்கள். தலைமுடிக்கு வைக்கும் எண்ணெய் முடிக்கு நல்லதாகவே இருக்கட்டும். அது நெற்றிக்கு இறங்கினால் குழாய் வாயை அடைக்கக்கூடும். பருவ வயதுப் பிள்ளைகளுக்கு எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனி வரை வைத்து, ஓரிரு மணி நேரத்தில் அலசிவிடுவது நல்லது. தலையணை உறையை அடிக்கடி மாற்றலாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிடச் சொல்லவில்லை; எண்ணெய் முகத்தில் ஊறக் கிடக்க வேண்டாம் என்கிறேன். குளிர்காலத்தில் வடக்கத்தி வழக்கப்படி முகத்தில் கடுகெண்ணெய் தேய்ப்பதும் பரு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

நெற்றியில் ஒரே அளவான சிறு குருணைகள் நிறைய வந்து அரித்தால் அது பருவாக இல்லாமல், தோலின் எண்ணெயை உண்டு வாழும் ஒரு பூஞ்சையின் வேலையாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

சாப்பாட்டில் உள்ள எண்ணெய்?

வடையில் ஊறிய எண்ணெய் குடலில் செரித்து இரத்தத்தில் கலக்கிறது. அது நேராக மூக்கின் மேல் வந்து வழிவதில்லை. உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2007இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில், இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றாத உணவை உண்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. சர்க்கரையும் மைதாவும் இன்சுலினை ஏற்ற, அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்களுக்குத் துணை போகிறது என்பது இதற்குத் தரும் விளக்கம். பாலுக்கும் உடற்பயிற்சிக் கூடத்து வே புரோட்டீன் பொடிக்கும் பருவோடு தொடர்பு இருக்கலாம் என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே குளிர்பானம், பிஸ்கட், இனிப்பு ஆகியவற்றைக் குறைப்பது எப்படியும் நல்லது. 'உடம்புச் சூடு' என்று சொல்லிப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை.

என் மகளின் கதை

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். 1998இல் மகளுக்குக் கன்னம் முழுவதும் பரு. நான் சொன்ன சோப்பு வைத்தியத்தில் முகம் சிவந்து எரிந்ததே தவிரப் பரு குறையவில்லை. பள்ளி ஆண்டுவிழா நெருங்கியது. ஒரு மாலை நான் மருந்துக்கடைக்குப் போய், "முகத்துக்கு ஏதாவது நல்ல க்ரீம் கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் ஒரு சிறு ட்யூபைக் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை, நானும் அதிலிருந்த பெயர்களைப் படிக்கவில்லை.

பத்தே நாளில் முகம் பளிங்கு போல ஆயிற்று. நிறமும் சற்று வெளுத்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் விசாரித்தார்கள். என் மனைவி நாலு பேருக்கு அந்த ட்யூபின் பெயரைச் சொன்னாள். மூன்று மாதம் பூசினாள் மகள். பிறகு ஒரு வாரம் பூசாமல் விட்டதும் முகம் தணல் போலச் சிவந்தது. முன்பைவிட இரு மடங்கு பரு, தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரிந்தன. மறுபடி பூசினால் அடங்கியது, விட்டால் பொங்கியது. அந்த ஆண்டு நவராத்திரிக்கு எங்கும் வரமாட்டேன் என்று அறைக்குள் இருந்துவிட்டாள். நன்றாகப் பாடக்கூடிய பெண்.

அதன் பிறகுதான் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ட்யூபைப் பார்த்தவர், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இது முகத்துக்கு உரிய மருந்தே அல்ல" என்றார். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது. அதனால் சிவப்பு மறைகிறது. அடைப்பை அது நீக்குவதில்லை. நாள்பட்டால் தானே பருவை உண்டாக்கும். தோலையும் மெலியச் செய்யும். அந்த ட்யூபிலிருந்து மீள அவளுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கன்னத்தில் சில குழிகள் இன்றும் இருக்கின்றன.

இது எங்கள் வீட்டோடு போன கதை அல்ல. 2011இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், முகத்தோல் கோளாறுகளுக்காக வந்த 2,926 நோயாளிகளைப் பரிசோதித்தபோது 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிவந்தது தெரிந்தது. நூற்றுக்குப் பதினைந்து பேர்! 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருந்தாலும் கேட்பவருக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆகவே ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் முகத்தில் படக்கூடாது. ஏற்கெனவே நாள்பட்டுப் பூசிவருபவர்கள் தாமாக நிறுத்தித் தவிக்காமல், மருத்துவரிடம் காட்டி நிறுத்த வேண்டும்.

சரியான சிகிச்சை என்ன?

நான்கு காரணங்களைப் பார்த்தோம். மருந்துகளையும் அதே வரிசையில் வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். அடைப்பை நீக்குவது அடாப்பலீன் போன்ற களிம்பு. கிருமியைக் குறைப்பது பென்சாயில் பெராக்சைடு. இது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். அழற்சி மிகுந்தால் மருத்துவர் சில காலம் ஆன்டிபயாட்டிக் தருவார். அதைத் தனியாகவோ நெடுங்காலமோ பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். எனவே நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சுரப்பியையே சுருக்கி எண்ணெயை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை ஐசோட்ரெட்டினாயின். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து கடுமையான பருவுக்கும் வடு விழும் பருவுக்கும் உதவுகிறது. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்கு இது பெருங்கேடு விளைவிக்கும். மருத்துவரின் கண்காணிப்பும் இரத்தப் பரிசோதனையும் இன்றித் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புபவர்களும் எந்தப் பரு மருந்துக்கு முன்பும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்தக் களிம்பும் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் தோல் சற்று வறண்டு உரியலாம். பத்து நாளில் பளிங்கு முகம் தரும் ட்யூபைக் கண்டால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பருவைக் கிள்ளுவது, பிதுக்குவது இரண்டும் குழாய்ச் சுவரை உள்ளுக்குள் கிழிக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் கரும் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அது மெல்ல மங்கும். குழி வடு தானாக மறையாது. பெண் பிள்ளைகளுக்குப் பருவோடு மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் சேர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டி தொடர்பான ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது வடுவுக்குக் காத்திருப்பதாகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

சில ஆண்டுகளுக்கு முன் மகளிடம் இந்தக் களிம்பு விஷயத்துக்காக வருத்தம் தெரிவித்தேன். அவள் சொன்ன பதில் நான் எதிர்பாராதது. "க்ரீம் விஷயம் உங்களுக்குத் தெரியாதுப்பா, அது போகட்டும். நான் சுத்தமா இல்லன்னு நீங்க நினைச்சீங்களே, அதுதான் ரொம்ப நாள் வலிச்சுது."

ஊரை விட்டு வந்து, வேறு மொழி பேசும் பள்ளியில், நிறத்தையும் பெயரையும் பற்றி நாலு கேள்வி கேட்கும் தோழிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நாமும் முகத்தைப் பார்த்ததும் குறை சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? பரு பெரும்பாலோருக்கு வருவது. அது சோம்பலின் அடையாளம் அல்ல, அசுத்தத்தின் தண்டனையும் அல்ல. வீட்டுக்கு வரும் விருந்தினர் "என்னம்மா, முகமெல்லாம் இப்படி?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவது பெற்றோரின் கடமை. பரு ஆழமாக, வலியோடு வந்தாலும், வடு விழத் தொடங்கினாலும், பிள்ளை வெளியே வர மறுத்தாலும் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அன்று காலை பேத்தியின் கையிலிருந்து சோப்பை வாங்கி வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, மேலே சொன்ன காகிதச் சோதனையை அவளோடு செய்தேன். அவள் தாளில் நெற்றி அளவு எண்ணெய். என் தாளில் ஒரு பொட்டு. "தாத்தா, உங்க கடைய மூடிட்டாங்க" என்று சிரித்தாள். அந்த வாரமே அவள் அம்மா புனேயில் தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். பத்து வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசியபோது, நெற்றி பெரும்பாலும் தெளிந்துவிட்டதாகச் சொன்னாள். மூக்கு மட்டும் இன்னும் பளபளக்கிறதாம். பளபளக்கட்டும் என்றேன்.

இளம் வாசகர்களுக்கு: விடை எழுதிப் பாருங்கள்

1. உள்ளங்கையில் பரு வருவதில்லை. ஏன்?
2. கரும்புள்ளியின் கறுப்பு நிறத்துக்குக் காரணம் என்ன?
3. இன்று முகத்தில் காணும் எண்ணெய் ஏறத்தாழ எத்தனை நாளுக்கு முன் தயாராகத் தொடங்கியது?
4. எண்ணெய் மிகுந்த முகத்திலும் பரு இல்லாமல் இருக்க முடியுமா? காரணம் தருக.
5. வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள களிம்புகளின் பெயர்களைப் பெரியவர்கள் துணையோடு படியுங்கள். ஸ்டீராய்டு உள்ளவை எத்தனை?

ஐந்தாம் கேள்விக்கான விடையைப் பெற்றோரும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், இந்தப் பாடம் எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.